நூல் நுழையும் வழி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று சொல்லி வைத்த பெரியவர் மின்சாரம் வருவதற்கு முந்திய காலத்தவர் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. பிந்திப் பிறந்திருந்தால், மூடிய சுவருக்குள் கம்பி இழுத்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவசியம் சேர்த்திருப்பார். கல்யாணத்தில் சம்பந்தி கோபித்துக்கொண்டால் சமாதானம் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். சுவருக்குள்ளே, மூன்றாவது வளைவில், கோபித்துக்கொண்டு நின்றுவிட்ட கம்பியிடம் யார் போய்ச் சமாதானம் பேசுவது?

பழைய வீடுகளில் இந்தச் சங்கடம் கிடையாது. தேக்குமரத்தில் இரண்டு சிறு வாய்க்கால் போலக் காடி எடுத்து, கம்பிகளை அதில் படுக்கவைத்து, மேலே ஒரு மரப்பட்டையைத் திருகாணியால் மூடிவிடுவார்கள். அடுத்த தலைமுறையில் மெல்லிய மரச் சட்டம் ஒன்றைச் சுவரோரமாக அடித்து, அதன்மேல் கம்பியைத் தகரக் கிளிப்புகளால் பிடித்து வைத்தார்கள். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் கோளாறு எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். ஏணியும் திருப்புளியும் இருந்தால் மாற்றியும் விடலாம். இப்போது நமக்குச் சுவரில் ஒரு கோடு தெரிந்தாலும் மனம் பொறுப்பதில்லை. ஆகையால் எல்லாம் உள்ளே போய்விட்டது.

உள்ளே போகும் விதம் இது. கூரைக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே, கட்டிய கம்பிகளுக்கு நடுவில் பி.வி.சி. குழாய்களை ஓடவிட்டு, விளக்குக்கும் விசிறிக்கும் பெட்டி வைத்துவிடுகிறார்கள். பிறகு சுவரை வெட்டிப் பள்ளம் எடுத்து, கூரையிலிருந்து ஸ்விட்சுப் பெட்டி வரையில் குழாயை இறக்கிப் பூசிவிடுகிறார்கள். பூச்சு, தரை, வர்ணம் என்று மாதங்கள் கழிந்த பிறகுதான் கம்பி இழுக்கும் படலம் தொடங்குகிறது. குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பது அதுவரையில் ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடாமல் விட்ட குழாயில் சிமெண்டுப் பால் இறங்கிக் கல்லாகியிருக்கலாம். குளவி கூடு கட்டியிருக்கலாம். கான்கிரீட் போட்ட அன்று யாரோ மிதித்து நசுக்கியிருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத கோணல் வழியில் நூலை எப்படி நுழைப்பது என்னும் இந்தப் பிரச்னை மின்சாரத்தைவிட வெகு புராதனமானது. கிரேக்கர்களின் புராணக் கதையில் மினோஸ் என்ற அரசன், தன்னிடமிருந்து தப்பியோடிய டெடலஸ் என்னும் மகா சிற்பியைத் தேடி ஊர் ஊராகப் போகிறான். கையில் ஒரு சுருள் சங்கு. அதன் சுழல்கள் எல்லாவற்றின் வழியாகவும் நூலைக் கோத்துத் தருபவருக்குப் பெரும் பரிசு என்று அறிவிக்கிறான். சிஸிலித் தீவின் அரசன் அந்தச் சங்கை வாங்கி, தன் வீட்டில் ஒளிந்திருந்த டெடலஸிடம் ரகசியமாகக் கொடுக்கிறான். டெடலஸ் சங்கின் நுனியில் சிறு துளையிட்டு, ஓர் எறும்பின் உடலில் நூலைக் கட்டி உள்ளே விட்டுவிடுகிறான். எறும்பு தன் வழியே போய் மறுபக்கம் வந்துவிட்டது. நூலைக் கண்டதும், இதைச் செய்யக்கூடியவன் உலகில் ஒருவன்தான், அவன் இங்கேதான் இருக்கிறான் என்று மினோஸ் கண்டுகொண்டான். சாமர்த்தியம் சில சமயம் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது!

எறும்பு செய்தது இவ்வளவுதான்: கனமில்லாத ஒன்றை முதலில் மறுபக்கம் சேர்த்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். 1848-ல் நயாகரா நதியின் பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்கு பாலம் கட்டப் புறப்பட்ட சார்லஸ் எல்லட் என்ற இஞ்சினீயருக்கு இதே சங்கடம் ஏற்பட்டது. எண்ணூறு அடி அகலம். கீழே படகு போக முடியாத வெள்ளம். முதல் கயிற்றை எப்படி அக்கரை சேர்ப்பது? பட்டம் விட்டு நூலைச் சேர்ப்பவருக்குப் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். ஹோமன் வால்ஷ் என்ற சிறுவன் பட்டம் விட்டான். முதல் தடவை நூல் அறுந்து போயிற்று. மறுபடியும் விட்டு ஜெயித்தான். பட்ட நூலில் சற்றுத் தடித்த நூல், அதில் கயிறு, கயிற்றில் இன்னும் பெரிய கயிறு, கடைசியில் இரும்பு வடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அக்கரை போய்ச் சேர்ந்தன.

நமது வீட்டுக் கம்பிக்காரரும் அந்தச் சிறுவன் செய்ததையே குழாய்க்குள் செய்கிறார். கடையில் இதற்கென்றே விற்கும் நீண்ட எஃகுப் பட்டையும் நைலான் இழுப்பானும் உண்டு. பலரும் அதை ஸ்பிரிங் என்றே சொல்லுகிறார்கள். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் கடைச் சாமான் எப்போதும் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் மனிதருடைய மூளை வேலை செய்கிறது.

துருப்பிடிக்காத வெள்ளைப் பூச்சு இரும்புக் கம்பிதான் இதில் ஆதி கருவி. சுருளாக இருந்த கம்பி, குழாய்க்குள்ளும் சுருண்டுகொள்ளவே பார்க்கும். ஆகையால் ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி, மறுமுனையைப் பிடித்து இழுத்து நிமிர்த்திக்கொள்ளுகிறார்கள். நுனியைப் பின்னோக்கி மடித்து, சிறு வளையமாக நசுக்கிவிட வேண்டும். கூர் நுனியாக விட்டால் குழாயின் இணைப்பு ஒவ்வொன்றிலும் குத்திக்கொண்டு நிற்கும்.

பட்டை வடிவமான எஃகு வேண்டுமானால், உடைந்துபோன அளவு நாடா இருக்கிறது. பெரிய பெட்டிகளைச் சுற்றிக் கட்டிவரும் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. இந்தப் பிளாஸ்டிக் பட்டையைப் பற்றி நமக்கு மிகவும் நல்ல அபிப்பிராயம். தள்ளினால் மடங்காமல் போகும் அளவுக்கு விறைப்பு, வளைவில் திரும்பும் அளவுக்கு நெகிழ்ச்சி, மின்சாரத்தைக் கடத்தாத குணம், விலையோ ஒன்றுமில்லை. பழைய கடிகாரச் சுருள் எஃகை உபயோகிப்பவரும் உண்டு. அதன் நுனியை அப்படியே மடக்கப் பார்த்தால் படக்கென்று ஒடிந்துவிடும். நுனியை மட்டும் செந்தழலாகக் காய்ச்சி, தண்ணீரில் நனைக்காமல், தானே மெதுவாக ஆறவிட்டு மடித்தால் சொன்னபடி கேட்கும். கொல்லன் பட்டறையில் தெரிந்த சங்கதிதான் இது. சைக்கிள் பிரேக்குக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியும் ஒரு நல்ல ஆயுதம். அதன் முனையிலேயே இயற்கையாக ஒரு குமிழ் இருப்பதால் எங்கும் குத்தாது. ஆனால் அதிக நீளம் இராது. விசிறிப் பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்குப் போகிற குட்டைக் குழாயில் ஒரு வளைவு மட்டும் பிடிவாதம் பிடித்தால், அங்கே இதை அனுப்பலாம்.

பாதி வழியில் கம்பி நின்றுவிட்டால் என்ன செய்வது? மறுமுனையிலிருந்து இன்னொரு கம்பியை, நுனியில் கொக்கி போட்டு, உள்ளே விடுகிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடம் வந்தது என்று கைக்குத் தெரிந்ததும் மெதுவாக முறுக்குகிறார்கள். இருட்டில் இரண்டு கொக்கிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுகின்றன. அந்தச் சமயத்தில் தொழிலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும்! நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போல, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கேட்டுக்கொண்டிருப்பார். அப்போது பக்கத்தில் நின்று, ‘இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று கேட்கும் வீட்டுக்காரரைப் பற்றி அவர் மனத்தில் என்ன நினைப்பார் என்பதை எழுதுவது உசிதமில்லை.

நிற்க. முன்னோடிக் கம்பி மறுபக்கம் வந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. அதில் மின்சாரக் கம்பிகளைக் கட்டும் விதத்தில்தான் கெட்டிக்காரரும் மற்றவரும் பிரிகிறார்கள். அவசரக்காரர் மூன்று நான்கு கம்பிகளை ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டு, அதன்மேல் நாடாவைச் சுற்றி, கொழுக்கட்டை மாதிரி ஒரு தலையைச் செய்துவிடுகிறார். முதல் வளைவிலேயே அது சிக்கிக்கொள்ளுகிறது. கெட்டிக்காரர் ஒவ்வொரு கம்பியின் உறையையும் ஒரு சாண் சீவி, ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படிப்படியாக வளையத்தில் கோத்து மடித்து, நாடாவை முன்னிருந்து பின்னாக வழவழவென்று சுற்றுகிறார். பாம்பின் தலையைப் போல முன்னே மெலிந்து பின்னே தடிக்க வேண்டும் என்பது சூத்திரம்.

இழுப்பதற்கு ஒருவர், உள்ளே விடுவதற்கு ஒருவர், ஆக இரண்டு பேர் வேண்டும். இழுப்பவருக்குத்தான் பெயர். ஆனால் வேலையின் உயிர் உள்ளே விடுகிற பையனிடம் இருக்கிறது. 90 மீட்டர் சுருளைத் தரையில் போட்டு அப்படியே உருவினால் ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்காகிறது. அந்த முறுக்கு குழாய் வாயில் போய் நின்றுகொள்ளுகிறது. ஓர் இரும்புத் தடியை ஏணிப் படிகளில் குறுக்கே வைத்து, அதில் சிவப்பு, கறுப்பு, பச்சைச் சுருள்களை மாட்டிவிட்டால் ராட்டினம் மாதிரி உருண்டு கொடுக்கும். “வருகிறதா, அண்ணே?” என்று கீழே ஒரு குரல். “வருகிறது; நீ தள்ளடா, தம்பி! மெதுவாக!” என்று மேலே ஒரு குரல். தள்ளுவதும் இழுப்பதும் ஒரே மூச்சில் நடந்தால் ஐந்து நிமிஷத்தில் தீரும் காரியம். தாளம் தப்பினால் அரை நாள்.

ஏன் இத்தனை பாடு? குழாயில் இடமிருக்கிறது, கம்பி வழவழப்பாயிருக்கிறது, இழுத்தால் வரவேண்டியதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் ஒரு சிறுவன்கூட அதை நிறுத்திவிடுகிறான் அல்லவா? துறைமுகத்தில் கப்பலையும் இப்படித்தான் நிறுத்துகிறார்கள். இதன் கணக்கை ஆய்லர் என்ற மேதை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். கயிறு ஒரு வளைவில் திரும்பும்போது தேவையான பலம் கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வின் அளவு அரை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு கிலோ இழுப்பு இருந்தால், ஒரு நேர்கோண வளைவைத் தாண்டும்போது அது 2.2 கிலோ. இரண்டாவது வளைவில் 4.8. மூன்றாவதில் 10.6. நான்காவதில் 23 கிலோ! காளையை நிறுத்த உதவும் அதே தந்திரம் கம்பியையும் நிறுத்துகிறது. இரண்டு பெட்டிகளுக்கு இடையில் குழாய் மொத்தம் 360 பாகைக்கு மேல், அதாவது நான்கு நேர்கோண வளைவுகளுக்கு மேல், திரும்பக் கூடாது என்று அமெரிக்க மின்சார விதிகளில் எழுதி வைத்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும். சுவர் அழகாக இருக்க வேண்டும், நடுவில் பெட்டி கூடாது என்று தொழிலாளியிடம் வாதாடும் எஜமானிகளும் எஜமானர்களும் இந்தக் கணக்கைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இதே கணக்கு இரண்டு உபாயங்களையும் காட்டுகிறது. வளைவு அதிகமாக உள்ள பக்கத்திலிருந்து கம்பியை உள்ளே விட்டு, நேராக உள்ள பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். பின்னால் இழுக்கும் பாரம் குறைவாயிருக்கும்போதே வளைவுகளைத் தாண்டிவிட்டால், பெருக்குவதற்கு அங்கே அதிகம் இல்லை. மற்றோர் உபாயம் வழுக்கல். உராய்வைப் பாதியாக்கினால், நான்கு வளைவுக்குப் பின் 23 கிலோவாக இருந்தது 4.8 கிலோவாக இறங்கிவிடுகிறது.

வழுக்கலுக்குக் கையில் அகப்பட்டதையெல்லாம் பூசுகிறார்கள். இதில்தான் நாம் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கவேண்டியிருக்கிறது. முகத்துக்குப் போடும் பவுடர் நல்லது. அது கல்லின் மாவு, கம்பிக்குக் கெடுதல் செய்யாது. தங்கள் பவுடர் டப்பா காலியானது பற்றி வீட்டுப் பெண்மணிகள் வருத்தப்படலாம். சுவரை வெட்டுவதற்கு அது எவ்வளவோ மேல். சோப்புத் தண்ணீர் அன்றைக்கு நன்றாக வழுக்கும். காய்ந்த பிறகு பசையாகிக் கம்பிகளைக் குழாயோடு ஒட்டவைத்துவிடும். பத்து வருஷம் கழித்துக் கம்பி மாற்ற வருகிறவர் படும் பாடு சொல்லத் தரமன்று. எண்ணெயும் கிரீஸும் கூடவே கூடாது. ரப்பர் உறையை எண்ணெய் ஊறவைத்துப் பாழாக்கிவிடும், பி.வி.சி. உறையையும் நாளடைவில் பதம் கெடுத்துவிடும். கம்பிக்கென்றே செய்த வழுக்கு மெழுகு கடையில் கிடைக்கிறது. கஷ்டமான குழாய்க்கு அதை வாங்கிக் கொடுப்பது வீண் செலவல்ல.

மேல்நாட்டாரின் யுக்திகளையும் சொல்ல வேண்டும். சிக்காகோவுக்கு அருகில் பட்டேவியா என்னும் ஊரிலுள்ள அணு ஆராய்ச்சிச் சாலையில், 1971-ல், நீண்ட குறுகிய குழாய்களுக்குள் தங்கியிருந்த உலோகத் தூளைத் துடைக்க வேண்டியிருந்தது. அதற்காக ஃபெலிஸியா என்ற ஒரு பிராணியை வேலைக்கு வைத்தார்கள். கீரிப்பிள்ளை போன்ற உருவமுடைய ஃபெரெட் ஜாதி அது. ஐரோப்பாவில் முயல் வளைக்குள் விடப் பழக்கியது. கழுத்துப்பட்டையில் நூலைக் கட்டிவிட்டால், முந்நூறு அடிக் குழாயில் ஒரு வாயில் நுழைந்து மறுவாயில் தலையை நீட்டும். அந்த நூலில் துடைப்பானைக் கட்டி இழுத்துக்கொண்டார்கள். டெடலஸின் எறும்பு மறுபிறவி எடுத்து வந்தது போலும்! ஆனால் நாலு மைல் சுற்றளவுள்ள பெரிய குழாயைக் காட்டியபோது ஃபெலிஸியா உள்ளே போக மறுத்துவிட்டதாம். பிறகு காற்றின் அழுத்தத்தால் ஓடும் ஒரு தட்டுக் கருவியைச் செய்துகொண்டு, பிராணிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

காற்றைக்கொண்டு நூலனுப்பும் வித்தையை நமது வீட்டிலும் செய்து பார்க்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் பையின் துண்டு ஒன்றை உருண்டையாகக் கசக்கி, இலேசான நைலான் நூலின் நுனியில் கட்டிக் குழாயின் ஒரு வாயில் வையுங்கள். தூசி உறிஞ்சும் யந்திரத்தை மறுவாயில் வைத்துச் சுற்றிலும் ஈரத்துணியால் அடைத்துவிட்டு ஓடவிடுங்கள். நூல் விர்ரென்று ஓடுவதைக் குழந்தைகள் கைகொட்டிப் பார்ப்பார்கள். உருண்டை குழாயை ஏறக்குறைய நிரப்ப வேண்டும், இறுகிவிடவும் கூடாது. நடுவில் பெட்டி இருந்தால் அதன் மற்ற வாய்களையும் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யந்திரம் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டு சும்மா இரையும். குழாயில் சிமெண்டு அடைத்திருக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். பொய்க் கூரைக்கு மேலே கம்பி கொண்டுபோக வேண்டுமானால் ஒரு டென்னிஸ் பந்தில் நூலைக் கட்டி எறிந்துவிடுகிறார்கள். இதற்கு ஆள் வேண்டுமென்றால் வீட்டுப் பையன்களில் ஒருவன் உடனே அகப்படுவான்!

இவ்வளவு சொன்னபின், கைச் சாமர்த்தியத்துக்கு எல்லை எங்கே என்பதையும் சொல்லாவிட்டால் நமது கடமை தீராது. எஃகுப் பட்டையைக் குழாயில் தள்ளுகிறவருக்கு அதன் மறுமுனை எங்கே தலை நீட்டுகிறது என்று தெரியாது. அங்கே 230 வோல்ட் மின்சாரம் உள்ள பெட்டி இருந்தால், பட்டையைப் பிடித்திருக்கும் கைதான் அதற்கு வழி. ஆகையால் பிரதான ஸ்விட்சை நிறுத்துவது மாத்திரம் போதாது; இரண்டு முனைகளிலும் மின்சாரம் இல்லை என்று சோதனை செய்த பிறகே கருவி உள்ளே போக வேண்டும். பழைய கம்பி இருக்கும் குழாயானால், அதையே முன்னோடியாக வைத்துப் புதியதை இழுத்துக்கொள்ளலாம். பழையது வருமா, அறுந்துவிடுமா என்று முதலில் இரண்டு அங்குலம் முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது விவேகம். அசையாததைப் பலமாக இழுத்து அறுத்துக்கொண்டவருக்கு உளியும் சுத்தியலுமே கதி.

பலாத்காரத்தால் வரும் கேடு இன்னொன்று இருக்கிறது. அது அன்றைக்குத் தெரியாது. வராத கம்பியை இரண்டு பேர் காலை ஊன்றி இழுத்து வரவழைத்துவிடுகிறார்கள், விளக்கு எரிகிறது, கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே, கூர் விளிம்புள்ள ஓர் இணைப்பில், உறை நகத்தால் கீறியது போலச் சீவப்பட்டிருக்கிறது. இரண்டு மழைக்காலம் கழித்துச் சுவர் ஈரமாகிறது. கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஸ்விட்சு நள்ளிரவில் டப்பென்று விழுகிறது. வீடு முழுவதும் இருட்டு. அந்த ஸ்விட்சு இல்லாத வீடானால், ஈரச் சுவரில் கை வைத்த குழந்தைக்கு அதிர்ச்சி. எந்த அறையில், எந்த வளைவில் கோளாறு என்று யார் சொல்ல முடியும்?

இதற்குப் பரிகாரம் உண்டு. கம்பி இழுத்து முடிந்ததும், விளக்கும் விசிறியும் மாட்டுவதற்கு முன்னால், மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் கொடுத்து உறையைச் சோதிக்கலாம். ஒரு மெகோமுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. புதிய கம்பி நன்றாயிருந்தால் அதற்கு எத்தனையோ மடங்கு மேலே காட்டும். மார்பிள் எந்த ஊர், குழாய்த் தலை எந்தக் கம்பெனி என்றெல்லாம் விசாரிக்கும் நாம், சுவரை ஒப்புக்கொள்ளுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டச் சொன்னால் என்ன? கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் இழுக்கிற கையும் சற்று நிதானமாகிவிடும். ஓர் அறைக்கு இவ்வளவு என்று கூலியை நறுக்கிப் பேசி, மாலைக்குள் முடிக்க வேண்டுமென்று விரட்டினால், அந்தக் கையிலிருந்து நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குச் செலவில்லாத மூன்று யோசனைகள். கான்கிரீட் போடுமுன் ஒவ்வொரு குழாயின் வாயையும் துணியோ காகிதமோ அடைத்து நாடா சுற்றச் சொல்லுங்கள். பூச்சு வேலை தொடங்குமுன் எல்லாச் சுவர்களையும் கைப்பேசியில் படம் எடுத்து, அறையின் பெயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் படம் மாட்ட ஆணி அடிக்கும்போதும் உதவும். கம்பி இழுத்து முடிந்ததும், பிற்காலத்தில் இன்னொரு கம்பி வேண்டியிருக்கலாம் என்று, முக்கியமான குழாய்களில் ஒரு நைலான் நூலைக் கூடவே விட்டுவைக்கச் சொல்லுங்கள். அந்த நூலின் இரண்டு நுனிகளையும் பெட்டிக்குள் நன்றாகச் சுருட்டி மறைத்து வைக்க வேண்டும். வெளியே தொங்கினால், வர்ணம் அடிக்க வருகிறவர் குப்பையென்று எண்ணி உருவி எறிந்துவிடுவார்.